கேமில் சவுண்ட் எஃபெக்ட்டை மாற்றுவது எப்படி: பீப் சோதனை முதல் மோட் பகிர்வது வரை

கேமில் ஒரு சத்தத்தை மாற்ற வேண்டும் என்று உட்காருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் திறப்பது ஆடாசிட்டி என்ற ஆடியோ எடிட்டரைத்தான். நல்ல சத்தமாகத் தேடி, வெட்டி, மெருகேற்றி, கடைசியில் கேமுக்குள் போட்டால் ஒன்றுமே கேட்காது, இல்லாவிட்டால் பழைய சத்தமே வரும். எங்கே தப்பு என்று பார்க்கவும் வழியில்லை. ஃபைல் வடிவம், பெயர், ஃபோல்டர், மோட் (கேமில் நாம் செய்து சேர்க்கும் மாற்றம்) செட்டிங் என்று நாலு இடத்தில் ஒரே நேரத்தில் கை வைத்தாயிற்று, இனி எதைச் சந்தேகப்படுவது?

அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். நம் ஃபைலைக் கேம் எடுத்துக்கொள்கிறதா என்று ஒரு மொட்டை பீப் ஒலியை வைத்து முதலில் உறுதி செய்கிறோம். கேட்க இனிமையான சத்தம் செய்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

உதாரணத்துக்கு மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷனை எடுத்துக்கொள்கிறேன். சத்தத்தை மாற்ற அதில் முறையான வழியே இருக்கிறது, கேம் ஃபைல் எதையும் உடைக்க வேண்டியதில்லை. மற்ற எஞ்சின்களில் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்களில்) எது வேறுபடும் என்பது 9-ஆம் பகுதியில் வரும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஃபைல், ஃபோல்டர் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் கணினியில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

1. முதலில் தயார் செய்ய வேண்டியவை

ஆடாசிட்டி போதும், வேறு ஆடியோ எடிட்டர் பழக்கமென்றால் அதுவும் சரி. கூடவே ஒரு நல்ல டெக்ஸ்ட் எடிட்டர் வேண்டும். நோட்பேட் பிளஸ் பிளஸ் அல்லது விஎஸ் கோட் வைத்துக்கொண்டால் ஜேசன் (செட்டிங்குகளை எழுதும் டெக்ஸ்ட் வடிவம்) ஃபைலில் விட்டுப்போன காற்புள்ளி உடனே கண்ணில் படும். வடிவம் மாற்ற எஃப்எஃப்எம்பெக் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை.

விண்டோஸில் ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டும் செட்டிங்கை இப்போதே ஆன் செய்துவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் புதியவர்கள் மாட்டிக்கொள்வதில் முதலிடம் இதற்கே. 5-ஆம் பகுதியில் செய்யப்போகும் ஒரு ஃபைலை பேக்.எம்சிமெட்டா என்று சேமித்ததாக நினைப்பீர்கள், டிஸ்க்கில் அது பேக்.எம்சிமெட்டா.டிஎக்ஸ்டி என்று உட்கார்ந்திருக்கும். எக்ஸ்டென்ஷன் மறைந்திருப்பதால் எத்தனை முறை பார்த்தாலும் சரியாகவே தெரியும்.

கேம் ஃபோல்டரைப் பேக்கப் எடுப்பது நல்லதுதான், ஆனால் மூல ஃபைலின் மேல் எழுதாமலே வேலையை முடிப்பது அதைவிட நல்லது. கேம் அப்டேட் ஆனாலோ, ஸ்டீமில் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதியை ஓட்டினாலோ நீங்கள் மேலெழுதியது எல்லாம் பழையபடி ஆகிவிடும். மோட் ஃபோல்டரில் தனியாக இருப்பதை அப்டேட் தொடாது.

அப்புறம் ஆன்லைன் கேம்கள். ஆன்டி-சீட் (ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் மென்பொருள்) உள்ள போட்டி கேமில் ஃபைலை மாற்றினால் அக்கவுன்ட் தடை வரை போகலாம். எதிராளியின் காலடிச் சத்தத்தைப் பெரிதாக்குவது சும்மா ஒரு மாற்றம் இல்லை, ஏமாற்று வேலை. ஒற்றை ஆட்டக்காரர் கேமில் தொடங்குங்கள், இல்லையென்றால் மோட் போட அந்தக் கேமே அனுமதித்திருக்கும் வழியில் மட்டும் போங்கள்.

2. கேம் எந்த எஞ்சினில் ஓடுகிறது என்று பாருங்கள்

கருவி தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் ஒரு எஞ்சினுக்கான கருவி இன்னொன்றுக்கு உதவாது. கேம் ஃபோல்டரைத் திறந்து எக்ஸ்டென்ஷன்களைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பிஎன்கே, டபிள்யூஇஎம் ஃபைல்கள் கிடந்தால் ஆடியோவைக் கையாள்வது வைஸ் என்ற தனி ஒலி மென்பொருள். பேங்க் என்று முடிந்தால் எஃப்மோட், அதுவும் அதே வகைதான். பிஏகே, அல்லது யூடாக் - யூகேஸ் ஜோடி இருந்தால் அன்ரியலாக இருக்க வாய்ப்பு அதிகம். கேம் பெயரோடு டேட்டா என்று முடியும் ஃபோல்டரும் அதற்குள் ஷேர்ட்அசெட்ஸ் ஃபைல்களும் இருந்தால் யூனிட்டி. விபிகே என்றால் வால்வின் சோர்ஸ் எஞ்சின். பிஎஸ்ஏ அல்லது பிஏ2 என்றால் ஸ்கைரிம், ஃபால்அவுட் வகை. டபிள்யூஏடி என்றால் டூம் குடும்பம்.

ஒரே கேமில் இரண்டு இருக்கலாம். அன்ரியல் கேம்கள் பல, படமும் வரைபடமும் அன்ரியலில் இருக்க, சத்தத்துக்கு மட்டும் வைஸ் வைத்திருக்கும். அங்கே பிஏகே ஃபைலை உடைத்து உள்ளே போனால்தான் டபிள்யூஇஎம் கண்ணில் படும். வெளியே பார்த்து "இது அன்ரியல்தான்" என்று முடிவு கட்டிவிட்டு அன்ரியல் ஒலி ஃபைலைத் தேடி அலைகிறவர்கள் நிறைய.

3. எந்த ஃபைல் என்று கண்டுபிடியுங்கள்

"கதவு திறக்கும் சத்தம்" என்று நாம் சொல்வது கேமுக்குள் ஒரே ஃபைலாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். இரண்டு அடுக்கு இருக்கிறது. மைன்கிராஃப்டில் சீறிவிட்டு வெடிக்கும் அரக்கன் க்ரீப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். "க்ரீப்பர் வெடிக்கத் தயாராகிறது" என்பது ஒரு நிகழ்வு. அந்த நிகழ்வு நடக்கும்போது எந்த ஃபைலை, எந்தப் பிட்ச்சில் (எவ்வளவு கீச்சாக அல்லது கனமாக) ஒலிக்க வேண்டும் என்பது தனி. கேம் கூப்பிடுவது நிகழ்வை, நாம் மாற்றப்போவது ஃபைலை.

மைன்கிராஃப்டில் நிகழ்வைக் கண்டுபிடிக்க எளிய வழி சப்டைட்டில். செட்டிங்கில் ஆன் செய்தால் ஒவ்வொரு சத்தமும் வரும்போது அதன் பெயர் திரையின் ஓரத்தில் வரும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற அம்புக்குறியோடு. சோர்ஸ் எஞ்சின் கேம்களில் டெவலப்பர் கன்சோலில் எஸ்என்டி_ஷோ 1 என்று கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஒலிகளின் பெயர் தெரியும், சீட்ஸ் ஆன் ஆகியிருக்க வேண்டும். இப்படி எந்த வசதியும் இல்லாத கேமில் பழைய முறைதான்: எல்லா ஒலியையும் வெளியே எடுத்து, நீளப்படி வரிசைப்படுத்தி, சந்தேகப்படும் நீளத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கேட்பது. துப்பாக்கிச் சத்தம் 30 விநாடி இருக்காது, பின்னணி மழை அரை விநாடி இருக்காது, இப்படிக் கழித்துக்கொண்டே போனால் பட்டியல் சட்டென்று சுருங்கும்.

காலடி, வெட்டு, அடி மாதிரி அடிக்கடி வரும் சத்தங்களுக்குப் பல மாதிரிகள் இருக்கும். மைன்கிராஃப்டில் புல்லில் நடக்கும் சத்தம் கிராஸ்1, கிராஸ்2 என்று வரிசையாகப் போகும், கேம் அவற்றில் ஒன்றை எழுந்தமானமாக எடுக்கும். முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு "சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்யவில்லை" என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

நாம் எடுத்துக்கொள்ளப் போவது க்ரீப்பரின் சீறல். அதன் ஃபைல் ரேண்டம் என்ற ஃபோல்டருக்குள் ஃப்யூஸ்.ஓக் என்ற பெயரில் இருக்கிறது.

4. மூல ஃபைலை வெளியே எடுத்து அதன் ஜாதகத்தைக் குறியுங்கள்

மைன்கிராஃப்ட் தன் ஒலிகளை அசெட்ஸ் ஃபோல்டருக்குள் ஆப்ஜெக்ட்ஸ் என்ற இடத்தில் வைத்திருக்கும், ஆனால் அசல் பெயரில் அல்ல. ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் எஸ்எச்ஏ-1 ஹேஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நீண்ட குறியீடுதான் பெயர், எக்ஸ்டென்ஷன்கூட இருக்காது. எந்தப் பெயருக்கு எந்த ஹேஷ் என்ற அட்டவணை பக்கத்திலேயே இண்டெக்ஸஸ் ஃபோல்டரில் ஜேசனாக இருக்கிறது. அதைத் திறந்து ரேண்டம்/ஃப்யூஸ்.ஓக் என்று தேடினால் நீளமான ஹேஷ் கிடைக்கும். அதன் முதல் இரண்டு எழுத்துதான் ஆப்ஜெக்ட்ஸுக்குள் நீங்கள் போக வேண்டிய துணை ஃபோல்டர். அங்கிருந்து நகல் எடுத்து, ஃப்யூஸ்.ஓக் என்று பெயரிட்டால் ஆடாசிட்டியில் திறக்கும்.

நகல் மட்டும்தான். ஆப்ஜெக்ட்ஸுக்குள் இருப்பதை நேரடியாக மாற்றாதீர்கள். ஹேஷ் பொருந்தாவிட்டால் லாஞ்சர் அதைக் கெட்டுப்போன ஃபைல் என்று எடுத்துக்கொண்டு மறுபடி இறக்கிவிடும்.

இப்போது அந்த மூல ஃபைலைப் பற்றி ஐந்து விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: வடிவம், சாம்பிள் ரேட், மோனோவா ஸ்டீரியோவா, நீளம், அலையின் உச்சம் எவ்வளவு உயரம். எந்தக் கேமாக இருந்தாலும் இந்த ஐந்தும் வேண்டும், ஏனென்றால் இந்தக் கேம் எதை ஏற்கும் என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த மூல ஃபைல்தான். மன்றங்களில் யாரோ சொன்ன எண்ணைவிட இதை நம்புங்கள்.

5. பீப் சோதனை

சத்தத்தை மாற்ற மைன்கிராஃப்டில் இருக்கும் முறையான வழிக்குப் பெயர் ரிசோர்ஸ் பேக். ரிசோர்ஸ்பேக்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பேக்குக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். ஜிப் இப்போது வேண்டாம், வெறும் ஃபோல்டரையே கேம் படிக்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஜிப் செய்து கொண்டிருந்தால் பொறுமை போய்விடும். அதற்குள் பேக்.எம்சிமெட்டா என்ற சிறிய ஜேசன் ஃபைலும், அசெட்ஸ் → மைன்கிராஃப்ட் → சவுண்ட்ஸ் → ரேண்டம் என்ற ஃபோல்டர் வரிசையும் வேண்டும்.

பேக்.எம்சிமெட்டாவில் எழுதும் பேக் ஃபார்மட் எண் கேமின் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அண்மைப் பதிப்புகளில் அதை எழுதும் முறையும் மாறியிருக்கிறது. பழைய வீடியோவைப் பார்த்து எண் போடாமல், உங்கள் பதிப்புக்கு உரியதை மைன்கிராஃப்ட் விக்கியில் பார்த்துப் போடுங்கள்.

அடுத்து ஆடாசிட்டியில் புதிய மோனோ டிராக், ஜெனரேட் மெனுவில் டோன், சைன் அலை, 1000 ஹெர்ட்ஸ், அரை விநாடி, ஆம்ப்ளிட்யூட் 0.3. அதற்கு மேல் வைக்காதீர்கள், ஹெட்போனில் காது போகும். ஓக் வார்பிஸாக எக்ஸ்போர்ட் செய்து, ஃப்யூஸ்.ஓக் என்று பெயரிட்டு ரேண்டம் ஃபோல்டரில் வையுங்கள்.

எதற்குப் பீப்? கேமில் வேறு எந்தச் சத்தத்தோடும் அது குழம்பாது. "மாறின மாதிரியும் இருக்கு, மாறாத மாதிரியும் இருக்கு" என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னொரு காரணமும் உண்டு, அது கீழே வருகிறது.

கேமில் பேக்கை ஆன் செய்து, கிரியேட்டிவ் உலகில் டிஎன்டி என்ற வெடிக்கட்டி ஒன்றை வைத்துப் பற்றவையுங்கள். அரை விநாடி பீப் கேட்கும். சரி, நாம் மாற்ற வந்தது க்ரீப்பரை ஆயிற்றே? டிஎன்டியும் அதே ஃப்யூஸ் ஃபைலைத்தான் பயன்படுத்துகிறது. இப்போது ஒரு க்ரீப்பரை வரவழையுங்கள். கிரியேட்டிவில் அது உங்களைத் தாக்க வராது, அதனால் ஃப்ளின்ட் அண்ட் ஸ்டீல் எடுத்து அதன் மேல் வலது கிளிக் செய்தால் சீறத் தொடங்கும். உற்றுக் கேளுங்கள்: இந்த முறை பீப் கனத்த குரலில், ஒரு விநாடி நீளத்துக்கு வரும். ஃபைல் அதேதான், ஆனால் க்ரீப்பருக்காக ஒலிக்கும்போது கேம் பிட்ச்சை 0.5 ஆக வைக்கிறது. பாதி வேகம், இரண்டு மடங்கு நீளம், 1000 ஹெர்ட்ஸ் உங்கள் காதுக்கு 500 ஹெர்ட்ஸ்.

பீப் இல்லாமல் நேராக ஒரு பாம்புச் சீறலைப் போட்டிருந்தால் "என் சத்தம் ஏன் மந்தமாகக் கேட்கிறது, எக்ஸ்போர்ட் கெட்டுவிட்டதா" என்று ஆடாசிட்டியிலேயே பொழுது போயிருக்கும்.

6. பீப் கேட்கவில்லை என்றால்

இந்த வரிசையில் பாருங்கள். மேலே இருப்பவை அடிக்கடி நடப்பவை.

பேக் பட்டியலில் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் பேக்.எம்சிமெட்டா இடம் தவறு, அல்லது பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கிறது, அல்லது ஜேசனில் அடைப்பு மூடவில்லை.

பேக் தெரிகிறது, பழைய சத்தம்தான் வருகிறது என்றால் ஃபோல்டர் வரிசையிலோ பெயரிலோ பிழை. எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், இடைவெளி கூடாது. சவுண்ட்ஸ் என்பதில் கடைசி எஸ் விட்டுப்போவது வழக்கமான ஒன்று. வேறு பேக் ஏதாவது பட்டியலில் உங்களுடையதற்கு மேலே இருந்தால் அதுதான் ஜெயிக்கும், அதையும் பாருங்கள்.

எதுவுமே கேட்கவில்லை, அமைதி என்றால் ஒருவகையில் நல்ல செய்தி: இடமும் பெயரும் சரி, கேம் உங்கள் ஃபைலை எடுத்துவிட்டது, ஆனால் அதைப் படிக்கத் தெரியவில்லை. எம்பி3 ஃபைலுக்கு ஓக் என்று பெயர் மட்டும் மாற்றினால் இதுதான் நடக்கும். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. ஓக் என்பது வெளிப்பெட்டி, அதற்குள் ஓபஸும் இருக்கலாம், இந்தக் கேமுக்கு வேண்டியது வார்பிஸ். எஃப்எஃப்எம்பெக்கில் மாற்றும்போது மூலப் பாட்டு ஃபைலில் அட்டைப்படம் ஒட்டியிருந்தால் அதையும் ஒரு வீடியோவாக ஓக்குக்குள் திணித்துவிடும், வீடியோவை விலக்கும் விஎன் ஆப்ஷனைச் சேர்த்துவிட்டால் தொல்லையில்லை.

இத்தனைக்கும் பிறகு புரியவில்லை என்றால் லாக்ஸ் ஃபோல்டரில் லேட்டஸ்ட்.லாக் ஃபைலைத் திறந்து சவுண்ட் என்று தேடுங்கள். பலர் இதைக் கடைசியில்கூடத் திறப்பதில்லை. இல்லாத ஃபைலைக் கேட்டால் எந்தப் பாதையில் தேடிக் கிடைக்கவில்லை என்று கேமே அதில் எழுதி வைத்திருக்கும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேமை மூடித் திறக்க வேண்டாம். எஃப்3 விசையை அழுத்திக்கொண்டு டி (T) தட்டினால் ரிசோர்ஸ் பேக்குகள் மறுபடி ஏறும்.

7. இப்போது உண்மையான சத்தம்

பாதை சரி என்று தெரிந்துவிட்டது. இனிமேல் கேட்பது பிடிக்கவில்லை என்றால் குறை ஒலியில்தான் இருக்க முடியும்.

முதல் வேலை தொடக்கத்தில் உள்ள அமைதியை வெட்டுவது. 80 மில்லி விநாடி என்பது எடிட்டரில் கண்ணுக்கே தெரியாது, ஆனால் 60 ஃப்ரேமில் ஓடும் கேமில் அது கிட்டத்தட்ட ஐந்து ஃப்ரேம். சுட்டபிறகு சத்தம் தாமதமாக வருகிறது என்று கை உடனே உணரும். எம்பி3-ஐ மூலமாக எடுத்தால் இந்தத் தொல்லை கூடும், அந்த வடிவம் தொடக்கத்தில் தானாகவே கொஞ்சம் வெற்றிடம் சேர்க்கிறது. கிடைத்தால் வேவ் அல்லது ஃப்ளாக் எடுங்கள்.

இரண்டாவது, மோனோ. ஓரிடத்திலிருந்து வரும் சத்தம் எல்லாம் மோனோவாக இருக்க வேண்டும். மைன்கிராஃப்டில் ஸ்டீரியோ ஃபைல் போட்டால் திசை, தூரம் இரண்டும் போய்விடும், பத்து கட்டம் தள்ளி நிற்கும் க்ரீப்பர் தலைக்குள்ளேயே சீறும். ஸ்டீரியோவை மோனோவாகக் கலக்கும்போது சத்தம் மெலிந்து டப்பாவுக்குள் இருப்பது போல ஆனால், இடமும் வலமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று பொருள். கலக்காமல் ஒரு சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அளவு. நார்மலைஸ் பட்டனை அழுத்தி உச்சத்துக்கு ஏற்றிவிடுவது பலரின் பழக்கம். உச்சம் ஒன்றாக இருந்தால் கேட்கும் சத்தமும் ஒன்றாக இருக்கும் என்பதில்லை: கைத்தட்டலும் இரைச்சலும் ஒரே உச்சத்தில் இருந்தாலும் இரைச்சல் பெரிதாகக் கேட்கும். லவுட்னஸ் மீட்டரும் இங்கே அவ்வளவு உதவாது, எல்யூஎஃப்எஸ் கணக்கு 400 மில்லி விநாடித் துண்டுகளாகப் பார்ப்பது, அதைவிடக் குட்டையான டிக் சத்தத்தை அதில் அளக்க முடியாது. மூல ஃபைலையும் உங்களுடையதையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிக் கேட்டு, காதால் சரி செய்யுங்கள். காலடி போல ஓயாமல் வரும் சத்தமென்றால் சரியாக இருக்கிறது என்று தோன்றுவதற்கும் கொஞ்சம் கீழே வையுங்கள். ஒரு முறை கேட்க நன்றாக இருக்கும் சத்தம் ஒரு மணி நேரம் கேட்டால் தலைவலி.

நான்காவது, ஓரங்கள். அலையை நடுவில் வெட்டினால் 'டப்' என்று ஒரு கிளிக் வரும். தொடக்கத்திலும் முடிவிலும் சில மில்லி விநாடி ஃபேட் போட்டால் போய்விடும். லூப் ஆகும் ஒலியில் மட்டும் அப்படி ஃபேட் போடக் கூடாது, சுற்றுக்குச் சுற்று பள்ளம் விழும். அங்கே முடிவுப் பகுதியைத் தொடக்கத்தின் மேல் கிராஸ்ஃபேட் செய்ய வேண்டும்.

நீளம்? க்ரீப்பர் சீறத் தொடங்கி வெடிக்க 30 டிக் (கேமின் கால அலகு, விநாடிக்கு 20), அதாவது ஒன்றரை விநாடி. டிஎன்டிக்கு 80 டிக், நான்கு விநாடி. அதைவிட நீளமான சத்தம் போட்டால் வெடித்த பிறகும் சீறிக்கொண்டிருக்கும். க்ரீப்பருக்குப் பாதி வேகத்தில் ஓடுகிறது என்பதால் ஒன்றரை விநாடி கேட்க வேண்டுமென்றால் ஃபைல் முக்கால் விநாடிதான் இருக்க வேண்டும்.

8. ஒரே ஃபைலை இருவர் பயன்படுத்தினால் பிரிப்பது

க்ரீப்பர் மட்டும் மாற வேண்டும், டிஎன்டி பழையபடி இருக்க வேண்டும் என்றால் ஃப்யூஸ் ஃபைலைத் தொடாமல் நிகழ்வைத் திருப்பிவிட வேண்டும். சோதனைக்குப் போட்ட ஃப்யூஸ்.ஓக்கை முதலில் அழித்துவிடுங்கள், மறந்தால் டிஎன்டி பீப் அடித்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் ஒலியை சவுண்ட்ஸுக்குள் உங்கள் பெயரில் ஒரு துணை ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள். அப்புறம் அசெட்ஸ் → மைன்கிராஃப்ட் ஃபோல்டரில், சவுண்ட்ஸ் ஃபோல்டருக்கு வெளியே, அதன் பக்கத்தில், சவுண்ட்ஸ்.ஜேசன் என்ற ஃபைல். அதில் என்டிட்டி.க்ரீப்பர்.ப்ரைம்ட் என்ற நிகழ்வை மட்டும் எழுதுங்கள். கேமின் முழுப் பட்டியலையும் நகலெடுத்து ஒட்டத் தேவையில்லை, எழுதாத நிகழ்வுகள் பழையபடியே இருக்கும்.

அந்த நிகழ்வுக்குள் மூன்று விஷயம். ரீப்ளேஸ் என்பதை ட்ரூ ஆக்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஒலி பழையதற்குப் பதிலாக வராமல் அதோடு கூடச் சேர்ந்து, சில நேரம் அது, சில நேரம் இது என்று வரும். சப்டைட்டில் வரியை மறுபடி எழுதுங்கள், ரீப்ளேஸ் செய்யும்போது அதுவும் போய்விடும், காது கேளாதவர்கள் அதை நம்பித்தான் விளையாடுகிறார்கள். மூன்றாவது சவுண்ட்ஸ் பட்டியல்: ஒலியின் பாதை, ஓக் என்ற எக்ஸ்டென்ஷன் இல்லாமல்.

பட்டியலில் ஒவ்வொரு ஒலிக்கும் பிட்ச், வால்யூம் தனியாகக் கொடுக்கலாம். இங்கே பிட்ச் 2 என்று கொடுத்தால் கேமின் 0.5 உடன் பெருக்கி 1 ஆகிவிடும், உங்கள் ஒலி நீங்கள் செய்த வேகத்திலேயே கேட்கும். ஃபைலை முன்கூட்டியே வேகப்படுத்தி வைப்பதைவிட இது சுத்தமான வழி.

சோதிக்கும்போது ப்ளேசவுண்ட் கமாண்டை நம்பி ஏமாறாதீர்கள். பிட்ச் கொடுக்காமல் ஓட்டினால் அது 1 என்று எடுத்துக்கொள்ளும், க்ரீப்பர் சீறும்போது வருவது 0.5. கமாண்டில் கேட்டது வேறு, விளையாடும்போது கேட்பது வேறு என்று ஆகிவிடும். உண்மையான க்ரீப்பரையே பற்றவைத்துக் கேளுங்கள்.

9. மற்ற எஞ்சின்களில்

ஸ்கைரிம் வகைக் கேம்கள் எளிது. டேட்டா ஃபோல்டருக்குள், பிஎஸ்ஏவில் இருந்த அதே பாதையில் அதே பெயரில் தனி ஃபைலாக வைத்தால் போதும், தனி ஃபைல் காப்பகத்தில் இருப்பதை முந்திக்கொள்ளும். மோட் ஆர்கனைசர் வைத்துக்கொண்டால் டேட்டா ஃபோல்டரைத் தொடவே வேண்டாம்.

சோர்ஸ் எஞ்சினில் டீம் ஃபோர்ட்ரஸ் 2 போன்றவற்றுக்கு கஸ்டம் என்ற ஃபோல்டர் உண்டு. அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் சவுண்ட், பிறகு அதே பாதை. விபிகேயைத் திறந்து பார்க்க ஜிசிஎஃப்ஸ்கேப். லூப் ஆக வேண்டிய வேவ் ஃபைலில் க்யூ பாயின்ட் (லூப்புக்கான குறி) இருக்க வேண்டும், மூல ஃபைலில் இருந்தது உங்கள் எக்ஸ்போர்ட்டில் காணாமல் போனால் இயந்திரச் சத்தம் ஒரு முறை ஒலித்து நின்றுவிடும். எஸ்வி_ப்யூர் ஆன் ஆன சர்வரில் உங்கள் சத்தம் வராவிட்டால் அது பிழையில்லை, சர்வர் தடுக்கிறது.

டூம் குடும்பத்துக்கு ஸ்லேட் எடிட்டர். பழைய எஞ்சினுக்கு 11025 ஹெர்ட்ஸ், 8 பிட், மோனோ என்று இறங்கிப் போக வேண்டும், ஜிஇசட்டூம் என்றால் வேவ், ஓக் அப்படியே போதும்.

அன்ரியலில் எஃப்மாடல் கொண்டு உள்ளே பார்க்கலாம். மாற்றிய பொருளைத் தனி பிஏகேயாகக் கட்டி, பெயர் முடிவில் அடிக்கோடும் பெரிய பி (P) எழுத்தும் சேர்த்தால் மூலத்துக்கு முந்திக்கொள்ளும். யூனிட்டியில் அசெட்ஸ்டூடியோவில் கேட்டுப் பார்ப்பது எளிது, திரும்ப உள்ளே போடுவது கடினம். அந்தக் கேமுக்கு பெப்இன்எக்ஸ் வழியாக ஒலி மாற்றும் ப்ளகின் யாராவது செய்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள்.

வைஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இப்போதைய பெரிய கேம்கள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. பிஎன்கே என்பது ஒலிகளைக் கட்டி வைத்த மூட்டை, உள்ளே இருக்கும் டபிள்யூஇஎம்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். விஜிஎம்ஸ்ட்ரீம் ப்ளகின் போட்ட ஃபூபார்2000-இல் திறந்தால் கேட்கலாம். கேமோடு சவுண்ட்பேங்க்ஸ்இன்ஃபோ என்ற ஃபைல் வந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், எண்ணுக்கு எதிரே பெயர் இருக்கும். புதிய டபிள்யூஇஎம் செய்ய ஆடியோகைனெடிக்கின் வைஸ் மென்பொருளையே இறக்கி, வேவை இறக்குமதி செய்து கன்வர்ட் செய்ய வேண்டும். அதிலும் மூலம் வார்பிஸா, பிசிஎம்மா, ஏடிபிசிஎம்மா என்று பார்த்து அதையே தேர்ந்தெடுங்கள், பதிப்பும் கேமில் இருப்பதற்குப் பக்கமாக இருக்கட்டும்.

பேங்குக்குள் ஒவ்வொரு ஒலியும் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு பெரிது என்று ஒரு பட்டியல் உண்டு. உங்கள் ஃபைல் பழையதைவிடப் பெரிதாக இருந்து, அதை ஹெக்ஸ் எடிட்டரில் அப்படியே திணித்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா ஒலியும் இடம் மாறிப்போகும். மாற்றியது கதவுச் சத்தம், கெட்டது கதாநாயகன் குரல் என்றால் காரணம் இது. பட்டியலைத் திருத்தி எழுதும் கருவியைப் பயன்படுத்துங்கள், அல்லது உங்கள் ஃபைலைப் பழையதைவிடச் சிறியதாக்குங்கள்.

இன்னொன்று, இதில் அனுபவசாலிகளே தடுக்கி விழுவார்கள். நீளமான ஒலிகளை வைஸ் டிஸ்க்கிலிருந்து ஸ்ட்ரீம் செய்யும்போது, தாமதம் தெரியாமலிருக்க முதல் துண்டை மட்டும் பேங்குக்குள் வைத்திருக்கும், மீதி வெளியே தனி டபிள்யூஇஎம்மாக இருக்கும். வெளியே இருப்பதை மட்டும் மாற்றினால் பழைய சத்தம் ஒரு நொடி வந்து, பிறகு உங்களுடையது நடுவிலிருந்து தொடங்கும், அல்லது கரகரப்பாகி நிற்கும். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும்.

10. பகிர்வதற்கு முன்

தலைமெனுவில் ஒரு முறை கேட்டுவிட்டு "ஆயிற்று" என்று மூடிவிடாதீர்கள். இசை, மழை, சண்டை எல்லாம் சேர்ந்து ஓடும் இடத்தில் கேளுங்கள், ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் கேளுங்கள். தனியாகக் கம்பீரமாக இருந்த சத்தம் கூட்டத்தில் காணாமல் போவது சகஜம். தாழ்ந்த ஒலியைக் கூட்டுவதைவிட நடுப்பகுதி அலைவரிசையைக் கொஞ்சம் தூக்கினால் பெரும்பாலும் மேலே வந்துவிடும்.

ஜிப் செய்யும்போது வெளி ஃபோல்டரைச் செய்யாதீர்கள், அதற்குள் போய் பேக்.எம்சிமெட்டாவையும் அசெட்ஸையும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள். திறந்தவுடன் பேக்.எம்சிமெட்டா முதல் மட்டத்தில் தெரிய வேண்டும், இன்னொரு ஃபோல்டருக்குள் இருந்தால் கேம் அதைக் கண்டுகொள்ளாது. ஜிப் ஆக்கிய பிறகு, பழைய ஃபோல்டரை வேறெங்காவது நகர்த்திவிட்டு, ஜிப்பை மட்டும் வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

கேமிலிருந்து எடுத்த மூல ஒலிகளைப் பேக்குக்குள் விட்டுவைக்காதீர்கள், அவற்றைப் பகிரும் உரிமை உங்களுக்கு இல்லை. ஃப்ரீசவுண்ட் தளத்தில் எடுத்தவற்றுக்கு ஒவ்வொன்றின் உரிமத்தையும் தனித்தனியே பாருங்கள்: சிசி0 என்றால் கேள்வியில்லை, சிசி பை என்றால் செய்தவர் பெயரைப் போட வேண்டும், என்சி என்று இருந்தால் விற்கும் எதிலும் சேர்க்கக் கூடாது. எந்த ஒலி எங்கிருந்து என்று எடுக்கும்போதே ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே வாருங்கள், முப்பது ஒலி சேர்ந்த பிறகு தேடினால் கிடைக்காது. அந்த ஃபைலையே ரீட்மீயாகப் பேக்கோடு வைத்து, கேமின் எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள், எந்த நிகழ்வுகளை மாற்றியிருக்கிறீர்கள் என்ற இரண்டையும் அதில் சேர்த்துவிடுங்கள். வேறு மோடோடு மோதும்போது இறக்குகிறவர் முதலில் கேட்பது அந்த இரண்டாவதைத்தான்.